ஒன்பது பேர் கைகுலுக்கிய கணக்கு

அண்ணி போன் செய்தால் இரண்டு விதமான செய்திதான் இருக்கும். நல்லதாக இருந்தால் அது அவள் வீட்டில் நடந்திருக்கும். கெட்டதாக இருந்தால் வேறு யார் வீட்டிலாவது நடந்திருக்கும். அன்று காலை ஆறேகாலுக்கு வந்தது நல்ல செய்தி. அவள் மகன் மேட்டுப் பள்ளியில் முதல் அரையாண்டுத் தேர்வை முடித்துவிட்டான். வகுப்பில் நான்காவதாக வந்திருக்கிறான்.

"நாப்பது பேர்ல நாலாவதும்மா," என்றாள் அண்ணி. "அதுவும் சாதாரண நாப்பது பேர் இல்ல. பொறுக்கி எடுத்த நாப்பது பேர்."

குளியலறையிலிருந்து வாயில் நுரையோடு எட்டிப் பார்த்தார் அண்ணியின் தம்பி, போனைப் பிடித்திருந்தவளின் கணவர். "யாரு பொறுக்கி?"

"உங்க மருமகன்தான்," என்றாள் மனைவி, போனைக் கையால் மூடிக்கொண்டு. "பொறுக்கி எடுத்தாங்களாம்."

அவள் ஒரு பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுப்பவள். காலை ஏழரையிலிருந்து பத்தரை வரை, வெறும் வயிற்றோடு வந்து வரிசையில் உட்காரும் மனிதர்களின் கையில் நரம்பு தேடுவது அவள் வேலை. அதனால் அக்கம்பக்கத்தில் அவளுக்கு ஊசியம்மா என்று பெயர். பெயர் வைத்தவர்களும் என்றாவது ஒரு நாள் அவளிடம் வந்து கையை நீட்டித்தான் ஆகவேண்டும் என்பதால் அவள் அதைப் பெரிதுபடுத்துவதில்லை. அவள் கணவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். அவருக்கு லிஃப்ட்காரர் என்பதைத் தாண்டி யோசிக்க யாரும் சிரமப்படவில்லை.

இவர்களுக்கு ஒரே மகள். பத்து வயது. யோசிக்கும்போது தன்னையறியாமல் ங்ங்ங் என்று ரீங்காரம் போடுவாள். அதனால் வண்டு.

மேட்டுப் பள்ளியின் உண்மையான பெயர் அதன் வாசலில் பித்தளை எழுத்தில் இருக்கிறது. ஆனால் மேட்டின் மேல் இருப்பதாலும், மேட்டின் மேல் இருப்பதை மறக்காததாலும் எல்லோரும் அதை அப்படித்தான் அழைத்தார்கள். ஆறாம் வகுப்பில் நாற்பது இடம். அதற்கு இரண்டாயிரம் பிள்ளைகள் நுழைவுத் தேர்வு எழுதுவார்கள். வண்டுவின் வீட்டிலிருந்து பன்னிரண்டு நிமிட நடையில் தெருமுனைப் பள்ளி ஒன்றும் இருந்தது. அதற்கு நுழைவுத் தேர்வு கிடையாது. நுழைந்தால் போதும்.

"விண்ணப்பத்துக்கு அடுத்த வெள்ளிக்கிழமைதான் கடைசி நாளாம்," என்றாள் ஊசியம்மா, போனை வைத்ததும். "போட்டுடலாம்."

"பத்து வயசுப் புள்ளையை வடிகட்டிப் பாக்கறதுக்கு அவ என்ன டீத்தூளா?"

"வடிகட்டினா கீழ இறங்கறதுதான் டீ. மேல தங்கறதுதான் தூளு. நம்ம பொண்ணு டீ."

"போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம் பஸ்ல நிக்கணும். ஆறின டீயாத்தான் வீட்டுக்கு வருவா."

வண்டு இதையெல்லாம் கேட்டுக்கொண்டே முட்டையின் மஞ்சளை மட்டும் தோண்டித் தின்றுகொண்டிருந்தாள். அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்று இருவருக்கும் தோன்றவும் இல்லை. விமானத்தில் பெட்டியை எங்கே வைக்கலாம் என்று பெட்டியிடமா கேட்பார்கள்?

ஞாயிற்றுக்கிழமை மாதிரி வினாத்தாள் ஒன்று வந்து சேர்ந்தது. அண்ணி அனுப்பியது. நூறு கேள்விகள், தொண்ணூறு நிமிடம்.

"குழந்தை எழுதறதுக்கு முன்னாடி நாம எழுதிப் பாப்போம்," என்றார் லிஃப்ட்காரர். "ஆழம் தெரியாம அவ காலை விட வேண்டாம். நம்ம காலை விடுவோம்."

சாப்பாட்டு மேசையின் இரு முனைகளில் இருவரும் உட்கார்ந்தார்கள். நடுவில் அலாரக் கடிகாரத்தோடு வண்டு. இருபது நிமிடத்திலேயே அப்பாவின் கண் அம்மாவின் தாள் பக்கம் சாய்ந்தது. வண்டு ஸ்கேலால் மேசையைத் தட்டினாள். "அங்க என்ன பார்வை?"

"இதப் பாரு," என்று அவர் குமுறினார். "ஒரு குழாய் ஆறு மணி நேரத்துல தொட்டிய நிரப்புதாம். அடியில இருக்கற இன்னொரு குழாய் எட்டு மணி நேரத்துல காலி பண்ணுதாம். ரெண்டையும் ஒண்ணாத் தொறந்து விட்டா எப்ப நிரம்பும்னு கேக்கறான். அடிக் குழாயை மூடித் தொலைடா மொதல்ல! எந்த மடையன் அதைத் தொறந்து வச்சான்?"

"பேசக் கூடாது," என்றாள் வண்டு. "இருபத்திநாலு மணி நேரம்ப்பா."

"எது?"

"நிரம்பறதுக்கு. இப்ப பேசக் கூடாது."

வண்டுதான் திருத்தினாள். சிவப்புப் பேனா வாங்கி வைத்திருந்தாள். அம்மாவுக்கு முப்பத்தெட்டு. அப்பாவுக்கு முப்பத்தொன்று. குழாய்க் கேள்விக்கு நேராக அவர் 'பிளம்பரைக் கூப்பிடவும்' என்று எழுதியிருந்தார். அதற்கு வண்டு அரை மதிப்பெண் போட்டு, பிறகு யோசித்து அதையும் அடித்தாள்.

"ரெண்டு பேரும் பெயிலு," என்றாள். குரலில் கொஞ்சம்கூட வருத்தம் இல்லை.

தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன என்று லிஃப்ட்காரர் சிரித்தார். ஊசியம்மா சிரிக்கவில்லை. தன் மகள் தன்னைவிடக் கெட்டிக்காரி என்பது அவளுக்கு அன்றுதான் எழுத்துப்பூர்வமாகத் தெரிந்தது. மறுநாள் விண்ணப்பத்தைப் போட்டுவிட்டாள். அதோடு நிற்காமல், பேருந்து நிறுத்தங்களில் எல்லாம் முகம் காட்டும் பயிற்சி மையக்காரரின் சனிக்கிழமை வகுப்பிலும் சேர்த்தாள். 'மேட்டுப் பள்ளிக்குக் கேரண்டி' என்பது அவருடைய சுவரொட்டி வாசகம். ஊரே அவரைக் கேரண்டி சார் என்றுதான் கூப்பிட்டது.

அந்தக் கேரண்டி சார் ஒரு மாதம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், ஊசியம்மாவின் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். சர்க்கரை பார்க்க வேண்டுமாம். சுவரொட்டியில் கையைக் கட்டிக்கொண்டு கம்பீரமாக நிற்பவர், இங்கே கையை நீட்டச் சொன்னபோது வேறு யாருடைய கையையோ கேட்பது போல முழித்தார்.

"கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கங்க சார். எறும்பு கடிக்கற மாதிரிதான்."

அவர் திரும்பவில்லை. ஊசியையே பார்த்தார். குழாயில் சிவப்பு ஏறியதும் கண்கள் மேலே போயின, அப்படியே சரிந்தார். ஊசியம்மாவுக்கு இது வாரத்தில் மூன்று முறை நடப்பது. ஊசியை உருவி, பஞ்சை அழுத்தி, அவரைப் படுக்கையில் கிடத்தி, காலுக்குக் கீழே இரண்டு தலையணை வைத்தாள். கண் திறந்ததும் பழச்சாறு கொடுத்தாள்.

மயங்கி எழுந்தவர்கள் இரண்டு நிமிடத்துக்குப் பொய் சொல்ல மாட்டார்கள் என்பது அவளுடைய அனுபவம். பொய்க்கும் கொஞ்சம் ரத்த ஓட்டம் வேண்டும்.

"என் பொண்ணு உங்ககிட்டதான் சார் சனிக்கிழமை வர்றா," என்றாள். "உங்க பிள்ளைங்க எல்லாம் மேட்டுப் பள்ளிதானே?"

"பெரியவ மேட்டுப் பள்ளி," என்றார் அவர், உறிஞ்சு குழலை வாயிலிருந்து எடுக்காமல். "சின்னவ தெருமுனை."

"பாஸ் ஆகலையா?"

"எழுதவே விடலை." கூரையைப் பார்த்தபடி சொன்னார். "பெரியவளோட முதுகைத்தான் மூணு வருஷமா பாக்கறேன். எப்பப் பாத்தாலும் மேசையில குனிஞ்சு இருப்பா. இன்னிக்கு என்ன நடந்ததுன்னு கேட்டா, எந்தப் பாடத்துலன்னு திருப்பிக் கேக்கறா. சின்னவ நாலு மணிக்கே வீட்டுக்கு வந்து, யார் யாரைக் கிள்ளினாங்கன்னு ஒரு மணி நேரம் கதை சொல்லுவா. ஒருத்தியாவது பேசட்டும்மா வீட்டுல."

ரத்தம் தலைக்கு ஏறியதும் எழுந்து உட்கார்ந்து தலைமுடியைச் சரிசெய்துகொண்டார். "நான் ஏதாவது உளறினேனா?"

"இல்ல சார். நல்லா தெளிவாத்தான் பேசினீங்க."

அன்று முழுக்க ஊசியம்மாவுக்கு வேலையில் மனம் நிற்கவில்லை. ஒரு பெரியவருக்கு இரண்டு முறை குத்தினாள். பள்ளியிலிருந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே வண்டு தொடங்கும் கதைகள் ஞாபகத்துக்கு வந்தன. நேற்றுக்கூட 'அப்புறம் சொல்லு, தலை வலிக்குது' என்று விரட்டியிருந்தாள்.

அதே வாரம் வியாழக்கிழமை லிஃப்ட்காரருக்கு மேட்டுப் பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது. அங்கே ஆசிரியர்களுக்கென்று பழைய லிஃப்ட் ஒன்று உண்டு. பத்து நாளில் மூன்றாவது முறையாக இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டதாம். முன்னால் போன இரண்டு மெக்கானிக்குகளும், போய்ச் சேர்வதற்குள் அது தானாகவே ஓடத் தொடங்கிவிட்டது என்று எழுதிவைத்துவிட்டுத் திரும்பியிருந்தார்கள். இவர் பக்கத்துக் கட்டிடத்தில்தான் வேலையாக இருந்தார். ஐந்தே நிமிடத்தில் வந்துவிட்டார்.

மூன்றாம் மாடிக் கதவை முக்கோணச் சாவியால் திறந்து, லிஃப்ட் கூரையின் மேல் இறங்கி, மேல்மூடியைத் தூக்கிப் பார்த்தார். உள்ளே பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, மடியில் துப்பறியும் கதைப் புத்தகமும் வலது கையில் பிஸ்கட்டுமாக இருந்தாள். சுவரில் சிவப்பு நிறுத்தக் குமிழ் அழுத்தப்பட்டிருந்தது.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அங்கிள், யார்கிட்டயும் சொல்லாதீங்க, ப்ளீஸ்."

லிஃப்ட்காரருக்கு நெஞ்சு விம்மியது. இதோ, சாட்சியே கிடைத்துவிட்டது! பிள்ளைகள் மூச்சுவிட இடமில்லாமல் லிஃப்டுக்குள் ஒளிகிற பள்ளி! வீட்டுக்குப் போய் இதை எப்படிச் சொல்லவேண்டும் என்று வசனம்கூடத் தயாராகிவிட்டது. அவர் கூரையிலேயே குந்தி உட்கார்ந்து, குரலைத் தணித்துக்கொண்டார். "அவ்வளவு கொடுமையாம்மா இங்க?"

"எது?"

"படிப்பு. பரீட்சை. இதெல்லாம்."

"ஐயோ, இல்ல அங்கிள். இது விளையாட்டு பீரியட். மைதானத்தைச் சுத்தி அஞ்சு ரவுண்டு ஓடச் சொல்றாங்க. எனக்கு ஓடவே பிடிக்காது. மத்தபடி ஸ்கூல் சூப்பர்."

"சூப்பரா?" அவர் குரலில் ஏமாற்றம் வழிந்தது. "கணக்கு கஷ்டமா இருக்காதா?"

"கணக்கு சார்தான் பெஸ்ட். நாம தப்பா போட்டா, அது நல்ல தப்பா இருந்தா போர்டுல எழுதிப் போட்டு, கீழ நம்ம பேரையும் எழுதுவாரு. எத்தனை கேள்வி வேணாலும் கேக்கலாம். அவரும் திருப்பிக் கேப்பாரு. பெல் அடிச்சாக்கூட யாரும் எழுந்து போக மாட்டாங்க."

லிஃப்ட்காரர் தூசி படிந்த மேல்மூடியைத் துணியால் துடைத்தார். போன மாதம் வண்டுவின் வகுப்பாசிரியை, 'உங்க பொண்ணு ரொம்பக் கேள்வி கேக்கறா, மத்தவங்களுக்குத் தொந்தரவா இருக்கு' என்று நாட்குறிப்பில் எழுதியனுப்பியதும், அதற்கு அவரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததும் இப்போது நினைவுக்கு வந்தன.

"அந்தக் குமிழை இழுத்து விடு. மூணாம் மாடியில இறங்கிக்கோ. நாளையிலேருந்து ஓடு. இல்லேன்னா காலு வலிக்குதுன்னு சொல்லு. லிஃப்டை மட்டும் விட்டுடு, நான் புள்ளகுட்டிக்காரன்."

வேலைச் சீட்டில் அவர் எழுதியது: 'உள்ளே தூசி. அகற்றப்பட்டது.'

மறுநாள் மாலை, வண்டு மாடியில் பக்கத்து வீட்டுப் பெண்ணோடு விளையாடப் போயிருந்தபோது, கணவனும் மனைவியும் சமையலறையில் எதிரெதிரே நின்றார்கள்.

"நான் யோசிச்சுப் பாத்தேன்," என்று இருவரும் ஒரே நேரத்தில் ஆரம்பித்தார்கள்.

"நீ சொல்லு."

"நீங்க சொல்லுங்க."

"நீ சொன்னதுதான் சரி. மேட்டுப் பள்ளியிலயே சேத்துடுவோம்."

ஊசியம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "நான் அதை வேண்டாம்னு சொல்லலாம்னு வந்தேன்."

லிஃப்ட்காரர் சொட்டிக்கொண்டிருந்த குழாயை இறுக்கி மூடினார். பிறகு சண்டை தொடங்கியது. ஒரு மாதமாகப் போட்ட அதே சண்டைதான். ஆட்கள் மட்டும் இடம் மாறியிருந்தார்கள். பஸ்ஸில் இரண்டு மணி நேரம் என்று அவள் சொன்னாள். பஸ்ஸில் படிக்கலாம் என்று அவர் சொன்னார். பிள்ளை என்ன டீத்தூளா என்று அவள் கேட்டாள். அது என்னோட வசனம் என்று அவர் கோபப்பட்டார்.

"ஆம்பளைக்கு ஒரு பேச்சு வேண்டாமா?"

"நீ மட்டும்? மூணு நாள் முன்னாடிவரைக்கும் அந்தப் பள்ளிக்கூடத்து வாசல்ல கட்டில் போட்டுப் படுக்கற மாதிரி பேசினியே!"

கடைசியில், விண்ணப்பம் போட்டாயிற்று, எழுதட்டும், கிடைத்தால் பார்ப்போம் என்று முடிந்தது. எந்தப் பெற்றோரின் கொள்கைச் சண்டையும் இப்படித்தான் முடிகிறது.

தேர்வு நாளன்று மேட்டுப் பள்ளியின் வாசலில் கால் வைக்க இடமில்லை. ஒரு அம்மா மகன் வாயில் பாதாமை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருந்தாள், உண்டியலில் காசு போடுவது போல. ஒரு அப்பா, கேட் மூடும் வரை கம்பிகளுக்கு இடையில் வாயை வைத்து, "பதினேழோட வர்க்கம்! பதினேழோட வர்க்கம்!" என்று கத்தினார். கருநீலச் சட்டை போட்ட கணக்குத் தணிக்கையாளர் ஒருவர், தன் மகளுக்கு ஒன்பது மாதமாக வீட்டில் தொலைக்காட்சியே கிடையாது என்று யாரும் கேட்காமலே சொன்னார். எல்லோரும் மற்ற பிள்ளைகளை வாழ்த்தினார்கள். அந்த வாழ்த்துகளை வாங்கியவர்கள் உடனே பிள்ளைக்குத் திருஷ்டி கழித்திருப்பார்கள். அதற்கு அங்கே இடமில்லை.

தொண்ணூறு நிமிடம் கழித்துப் பிள்ளைகள் வெளியே வந்தார்கள். அழுதவர்கள் சிலர், உதட்டைக் கடித்தவர்கள் பலர். வண்டு மட்டும் பொருட்காட்சியிலிருந்து வருபவள் போல வந்தாள். முகமெல்லாம் சிவந்து, தலைமுடி கலைந்து, கண் பளபளவென்று இருந்தது.

"அம்மா! ஜாலியா இருந்துச்சு! நாப்பத்தேழாவது கேள்வி இருக்கு பாரு, அது தப்பு! விடையே இல்ல!"

"நூறும் எழுதினியா?"

"இல்ல. இருபது இருபத்திரெண்டு விட்டுட்டேன். நாப்பத்தேழுலயே அரை மணி நேரம் போயிடுச்சு. ஒருத்தங்க வந்து ரீங்காரம் போடாதேன்னு திட்டினாங்க."

ஊசியம்மா மகளின் கலைந்த முடியைக் கோதினாள். "இருபத்திரெண்டா?"

"கேளேன். ஒரு அறையில ஒம்பது பேரு. ஒவ்வொருத்தரும் சரியா மூணு பேரோட கைகுலுக்கினாங்களாம். மொத்தம் எத்தனை கைகுலுக்கல்?"

"பதினாலு," என்றாள் தணிக்கையாளரின் மகள், பக்கத்திலிருந்து. "பன்னெண்டு," என்றான் இன்னொருவன்.

"இருபத்தேழு," என்றார் தணிக்கையாளர். "மூவொன்பது இருபத்தேழு. இதுல என்ன இருக்கு?"

"விடையே இல்ல அங்கிள்."

"அதெப்படி இல்லாமப் போகும்? நாலு விடை குடுத்திருக்காங்களே!"

"செஞ்சு பாக்கலாமா?" என்றாள் வண்டு.

லிஃப்ட்காரருக்கு இப்படிப்பட்ட வேலை என்றால் தனி உற்சாகம். பாதாம் அம்மா, பதினேழின் வர்க்கம், தணிக்கையாளர் என்று கைக்குக் கிடைத்தவர்களை இழுத்து ஒன்பது பேரை வட்டமாக நிறுத்தினார். ஊசியம்மாவையும் தன்னையும் சேர்த்துத்தான் ஒன்பது. முதலில் கூச்சப்பட்டார்கள். இரண்டு மணி நேரமாக ஒருவர் பிள்ளை தோற்கவேண்டும் என்று இன்னொருவர் மனதுக்குள் வேண்டிக்கொண்டு நின்றவர்கள் அல்லவா? ஆனால் பிள்ளைகள் சுற்றி நின்று எண்ண ஆரம்பித்ததும் சூடு பிடித்துவிட்டது.

"எனக்கு ரெண்டாச்சு, இன்னும் ஒண்ணு வேணும்!"

"என்கிட்ட வராதீங்க, எனக்கு மூணு முடிஞ்சுது!"

"ஏங்க, நீங்க ஏற்கெனவே எனக்குக் குடுத்துட்டீங்க!"

எட்டுப் பேருக்கு மூன்று முடிந்தது. தணிக்கையாளருக்கு இரண்டுதான். நீட்டிய கையோடு வட்டத்தின் நடுவில் நின்றார். மறுபடி முதலிலிருந்து செய்தார்கள். இந்த முறை பாதாம் அம்மா நீட்டிய கையோடு நின்றாள். மூன்றாவது முறையும் தணிக்கையாளரே மாட்டிக்கொண்டார். பொறுமையிழந்து, வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த காவலாளியின் கையைப் பிடித்து ஒரு குலுக்குக் குலுக்கினார். "இந்தா, எனக்கும் மூணு!"

"இப்ப அவருக்கு ஒண்ணுதான் அங்கிள்," என்றாள் வண்டு.

"என்னை ஏன் சார் இதுல இழுத்து விடறீங்க?" என்றார் காவலாளி.

"ஒரு கைகுலுக்கலுக்கு ரெண்டு கை வேணும்," என்று வண்டு எல்லோருக்குமாகச் சொன்னாள். "ஒம்பது பேருக்கு மூணு மூணு, இருபத்தேழு கை. அதை ரெண்டு ரெண்டா சேத்தா ஒரு கை மிச்சம். எப்படிப் பண்ணினாலும் ஒருத்தர் கையை நீட்டிட்டு நிக்கணும். நான் ஒம்பது பேரையும் படம் போட்டு, மீசை வச்சு, பத்து தடவை பாத்தேன். அப்புறந்தான் புரிஞ்சுது."

தணிக்கையாளர் தன் வலது கையையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மகளிடம் மெதுவாகக் கேட்டார்: "நீ பதினாலு எப்படிப் போட்ட?"

"சும்மா குருட்டாம்போக்குல. ரெண்டு செகண்டு ஆச்சு."

"நல்ல பொண்ணு," என்றார் அவர். ஆனால் பார்வை வண்டுவின் மேல் இருந்தது.

மூன்று வாரம் கழித்து முடிவு வந்தது. கடைசியாக இடம் கிடைத்த பிள்ளைக்கு எழுபத்து நான்கு. வண்டுவுக்கு எழுபத்து மூன்று.

பன்னிரண்டு நிமிடப் பள்ளிதான் வேண்டும் என்று இரண்டு மாதமாக நின்ற ஊசியம்மா நிம்மதியடைந்திருக்க வேண்டும். அவளோ தாளை மேசையில் அறைந்தாள். "வேண்டாம்னு நாம சொல்லலாம். அவங்க எப்படிச் சொல்லலாம்?"

"விடு," என்றார் லிஃப்ட்காரர். அவருக்குத்தான் உண்மையில் வலித்தது. ஆனால் வண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னத்தை விடறது? அவங்க கேள்வி தப்பு. அந்த ஒரு மார்க் இவளுக்கு வரணும்."

மறுநாள் வேலை முடிந்ததும், உடுப்பைக்கூட மாற்றாமல் நேராக மேட்டுக்குப் போனாள். அலுவலகத்தில் இருந்தவர் அவளை ஒரு பெஞ்சில் உட்காரவைத்தார். அரை மணி நேரம் கழித்து, சாக்பீஸ் தூசியோடு ஒல்லியான ஒருவர் வந்தார். கணக்கு வாத்தியார். கையில் ஒரு தாள் வைத்திருந்தார். அதில் மீசை வைத்த ஒன்பது பேர் வட்டமாக நின்று கோடுகளால் கைகுலுக்கிக்கொண்டிருந்தார்கள். எட்டுப் பேர் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கு மட்டும் உதடு கீழே வளைந்திருந்தது.

"அந்தக் கேள்வி நான்தான் போட்டேன்," என்றார் அவர். "எட்டுப் பேருன்னு எழுதினேன். அச்சுல ஒம்பது ஆயிடுச்சு. சரிபார்க்க வேண்டியதும் நான்தான். மன்னிச்சுக்கங்க."

"மன்னிப்பு வேண்டாம் சார். மார்க் போடுங்க."

அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "போட்டாச்சும்மா. தப்புன்னு தெரிஞ்ச அன்னிக்கே எல்லாருக்கும் ஒரு மார்க் போட்டுட்டோம். எழுதினவங்க, விட்டவங்க, எல்லாருக்கும். உங்க பொண்ணோட எழுபத்து மூணுல அந்த ஒண்ணும் இருக்கு."

ஊசியம்மா கணக்குப் போட்டுப் பார்த்தாள். ரெண்டு செகண்டில் தாண்டிப் போனவர்களுக்கும் ஒன்று. அரை மணி நேரம் மீசை வரைந்தவளுக்கும் ஒன்று. சிரிப்பதா, அந்த ஒல்லிக் கழுத்தைப் பிடிப்பதா என்று தெரியவில்லை.

"இரண்டாயிரம் பேர்ல இதுக்கு விடை இல்லேன்னு எழுதினது ஒரே ஒருத்திதான்," என்றார் அவர். "இந்தப் பொண்ணு இங்க வந்திருக்கணும்."

"அப்ப சேத்துக்கங்க."

"எனக்கு அந்த அதிகாரம் இல்லம்மா."

"சார், நான் ரத்தம் எடுக்கறவ. ஒரு கையில நரம்பு கிடைக்கலேன்னா, எனக்கு அதிகாரம் இல்லன்னு நான் ஆளைத் திருப்பி அனுப்பறதில்ல. அடுத்த கையப் பாப்பேன்."

அவர் தாளைப் பெஞ்சில் வைத்தார். பிறகு ஒரு நிமிடம் இருங்கள் என்று உள்ளே போய், பழுப்பு உறை ஒன்றோடு வந்தார். பல வருடங்களாக அவர் வகுப்புக்கென்று எழுதிச் சேர்த்த புதிர்கள் அதில் இருந்தன; விடைகள் இல்லை. "மாசம் ஒரு தடவை போட்டு அனுப்பச் சொல்லுங்க. நான் பாத்து எழுதறேன். இதுக்கு யார் அனுமதியும் வேண்டாம்." தயங்கி, "இந்தத் தாளை நான் வச்சுக்கலாமா?" என்றார்.

"சட்டம் போட்டு மாட்டுங்க," என்றாள் அவள், எழுந்துகொண்டே. "அடுத்த தடவை அச்சுக்குக் குடுக்கும்போது கண்ணுல படட்டும்."

திரும்பி வரும் பேருந்தில் உட்கார இடம் கிடைத்தும் அவள் உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி, யாரும் பார்க்காத மாதிரி முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டாள். ஒரு மணி ஐந்து நிமிடம் ஆனது. கால் கடுத்தது. அதையும் எண்ணிக்கொண்டாள், ஆறுதலுக்காக.

அன்று மாலை அண்ணி போன் செய்தாள். செய்தி வேறு வீட்டுடையது என்பதால் குரலில் கனிவு சொட்டியது. "ஒரே ஒரு மார்க்காமே! ஐயோ பாவம், புள்ள எப்படித் தாங்குது?"

வண்டு தரையில் குப்புறப் படுத்து, மூன்றாவது புதிரில் இருந்தாள். வீடு முழுக்க ரீங்காரம். நடுவில் அப்பா ஒரு விடை சொல்ல, 'போப்பா, நீ பிளம்பர்' என்று தள்ளிவிட்டாள்.

"தாங்கலை அண்ணி," என்றாள் ஊசியம்மா. "சத்தம் தாங்கலை. அப்புறம் பேசறேன்."

ஜூன் மாதம் தெருமுனைப் பள்ளி திறந்தது. முதல் நாள் காலை ஏழே முக்கால் வரை வண்டு தூங்கினாள். பரிசோதனைக் கூடத்தில் சொல்லிவிட்டு ஊசியம்மா அவளோடு நடந்தாள். வழியில் வண்டு திடீரென்று கேட்டாள்: "அம்மா, நீ எனக்கு எந்த ஸ்கூல் வேணும்னு நெனச்ச?"

ஊசியம்மா உண்மையைச் சொல்லலாம் என்று முடிவு செய்தாள். "திங்கக்கிழமை ஒண்ணு. செவ்வாய்க்கிழமை இன்னொண்ணு."

"அப்பா?"

"நான் எதை நெனைக்கலையோ அதை."

"என்கிட்ட கேட்டிருக்கலாம்ல?"

அது கோபமாகக் கேட்கப்படவில்லை. வழியில் ஒரு சந்தேகம் கேட்பது போலத்தான் கேட்டாள். ஆனால் ஊசியம்மா நடையை மெதுவாக்கினாள். "கேட்டிருக்கணும்," என்றாள். "கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்ப?"

வண்டு யோசித்தாள். ங்ங்ங் என்று சத்தம் ஆரம்பித்தது. எதிரே பள்ளி வாசலில் பிள்ளைகள் ஒருவரையொருவர் முட்டித் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்கள். யாரோ ஒருத்தி 'ஏய் வண்டு!' என்று கத்தினாள்.

"அப்புறம் சொல்றேன்," என்று பையை முதுகில் ஏற்றிக்கொண்டு அவள் ஓடினாள். வாசலில் திரும்பிப் பார்ப்பாள் என்று ஊசியம்மா கொஞ்ச நேரம் நின்றாள். அவள் திரும்பவில்லை. மணி எட்டரை. வெறும் வயிற்றோடு பத்துப் பேராவது காத்துக்கொண்டிருப்பார்கள் என்ற நினைவு வந்தது. வேகமாக நடந்தாள்.